அக்குரோணியும் வட்டக்களரியும்: பெரும்போரைச் சிறுவெளியில் ஆடும் விதிகள் பற்றி ஒரு நோக்கு

பதினெட்டு அக்குரோணிச் சேனை பொருத குருச்சேத்திரப் போரை ஒரு வீட்டு முற்றத்தளவான களரியிலே, விடிவதற்கு முன்னர் ஆடி முடித்தல் கூடுமா? கூடும் என்பதற்கு மட்டக்களப்பு வாவியின் இருமருங்கிலும் சான்று உண்டு. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் வடமோடிக் கூத்துக்களுட் சில, பதினேழாம் போர், பதினெட்டாம் போர் எனப் போர்நாளின் பெயரையே தம் பெயராகக் கொண்டுள்ளன. இக்கூத்துக்களின் பாடல், தாளக்கட்டு, உடை, ஒப்பனை, இவற்றை ஆடும் சமூகத்தின் உறவுமுறை ஆகியன பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். ஆயின் கூத்து என்பது ஒரு பெரும்போரைச் சிறுவெளிக்குள் அடக்கும் விதித்தொகுதி என்ற கோணத்திலிருந்து அதனை அணுகுவோர் குறைவு. அவ்வாறு அணுகும்போது அதற்கு எதிர்பாராத உறவினர் சிலர் வெளிநாட்டிலே தென்படுகின்றனர். சிற்றுருவப் பொம்மைப் படைகளை மேசைமீது பரப்பி, பழைய போர்களை மீண்டும் பொருதுபார்க்கும் மேனாட்டு விளையாட்டாளரே அவர்கள்.

இருசாராரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றே. போர் பெரிது, இடம் சிறிது, காலம் அதனினும் சிறிது. எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்பதை விதி தீர்மானிக்கின்றது. போரிலே முக்கியமானது எது என்பது பற்றிய ஒரு தீர்ப்பு அவ்விதிக்குள் மறைந்து கிடக்கின்றது. அத்தீர்ப்பே இங்கு ஆராயப்படுவது.

முதலில் கணக்கை நோக்குதல் தகும். ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. பத்தியை மும்மடங்காக்கினாற் சேனாமுகம். இவ்வாறே மேலும் ஆறுமுறை மும்மடங்காக்கிப் பெற்ற அநீகினியைப் பத்தாற் பெருக்கினால் அக்குரோணி. ஆகவே ஓர் அக்குரோணியில் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 109,350 காலாள், மொத்தம் 218,700. பாண்டவர் பக்கம் 7, கௌரவர் பக்கம் 11 எனப் பதினெட்டையுங் கூட்டினால் 3,936,600 என்ற தொகை வரும். அதிற் சரிபாதியினர், அதாவது 1,968,300 பேர், காலாட்கள். இத்தொகையை வரலாற்றுச் செய்தியென எவருங் கொள்ளார். ஆயின் இதன் அமைப்பு கவனத்துக்குரியது. ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மூன்று, அதற்கு ஐந்து என்ற விகிதமும் மும்மடிப் பெருக்கமும், போரை எண்ணால் ஒழுங்குபடுத்தி விளங்கிக்கொள்ள முனைந்த ஒரு மனத்தைக் காட்டுகின்றன. மேசைப் போராளன் ஒருவன் கையில் இவ்வாய்பாடு கிடைத்தால் தன் துறையின் பழைய ஏடொன்று கிடைத்ததாகவே மகிழ்வான்.

அவன் மகிழ்வதற்கு நியாயமும் உண்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே சதுரங்கத்துக்குப் பெயரையும் காய்களையும் அளித்தது. அச்சதுரங்கம் பாரசீகம், அராபியம் வழியே ஐரோப்பாவை அடைந்து உருமாறியது. 1780இல் பிரன்சுவிக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர் அதன் கட்டங்களைப் பெருக்கி, நிலவகைகளையும் பீரங்கியையுஞ் சேர்த்து ஒரு போர்விளையாட்டை அமைத்தார். 1812இல் மூத்த றைஸ்விற்ஸ், நிலத்தின் உருவமைந்த துண்டுகளைப் பரப்பி ஆடும் மேசையொன்றைப் பிரசிய மன்னருக்கு அளித்தார். அவர் மகன் 1824இல் வெளியிட்ட விதிகளே கிரீக்ஸ்பீல் என்னும் பெயரால் உலகறிந்தன. கட்டங்கள் நீங்கின, 8,000க்கு ஒன்று என்ற அளவில் வரைந்த நிலப்படம் அவற்றின் இடத்தைப் பெற்றது. ஒரு முறை என்பது போர்க்களத்து இரண்டு நிமிடம். ஆடுவோர் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடங் கொடுப்பர். நடுவர் தாயக்கட்டையை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, இழப்பைக் கணக்கிடுவார். பிரசியப் படைத்தலைமை இதனைப் பயிற்சிக்கு ஏற்றுக்கொண்டது. இவ்வாறு, குருச்சேத்திரத்தைப் பாடிய நாட்டின் நால்வகைப் படை, ஜேர்மனிய அதிகாரிகளின் நிலப்படம்வரை ஒரு நீண்ட வழி நடந்துள்ளது. அதே நால்வகைப் படை வாவிக்கரையிலே வேறொரு வழியில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விளையாட்டு படைமுகாமை விட்டு வீட்டுக் கூடத்துக்கு வந்தது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிற்றில் வோர்ஸ்’ என்ற நூல் அதற்குப் பெருந்துணை. நிலத்திற் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, மரக்குண்டு எறியும் விளையாட்டுப் பீரங்கியால் அவற்றை வீழ்த்துவதே அவர் முறை. சமமான தொகையினர் கைகலந்தால் இருபக்கத்தாரும் ஒருவருக்கு ஒருவராய் அழிவர் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. விளையாட்டுச் சிறுபோரை விதந்து, உண்மைப் பெரும்போரின் அறிவின்மையை அந்நூலின் இறுதியில் அவர் இடித்துரைத்தார். மறு ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. பின்னர் 1960களில் டொனால்ட் பெதர்ஸ்ரோன் முதலியோரின் நூல்களால் இப்பொழுதுபோக்கு இங்கிலாந்திற் பரவியது. 1969இல் வெளிவந்த பழங்காலப் போர்களுக்கான விதிநூலொன்று, ஒரு பொம்மை இருபது வீரருக்குச் சமம் என விதித்தது.

இந்த இருபதுக்கு ஒன்று என்ற கணக்கை அக்குரோணிக்குப் பிரயோகித்துப் பார்க்கலாம். 3,936,600ஐ இருபதால் வகுத்தால் 196,830 பொம்மைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 15 மில்லிமீற்றர் அகலங் கொள்ளுமாயின், தோளோடு தோள் நிறுத்திய ஒற்றை வரிசையே ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் நீளும். எந்த மேசையும் இதனைத் தாங்காது. பெருஞ்சமர்களை ஆட விரும்பியோர் அனைவரும் இத்தகைய தடையில் முட்டினர். அதன் விளைவாக, ஆள்கணக்கை விட்டு அணிக்கணக்குக்கு மாறும் விதிகள் தோன்றின. அவற்றுட் புகழ்பெற்றது 1990இல் பில் பார்க்கர் முதலியோர் வெளியிட்ட ‘டி பெல்லிஸ் அன்ரிகுவிற்றாற்றிஸ்’. ஒரு பக்கத்துப் படை முழுவதும் பன்னிரண்டு துண்டுகளே. ஒரு துண்டின் மீது மூன்று அல்லது நான்கு பொம்மைகள் ஒட்டப்பட்டிருப்பினும் அவை அழகுக்காகவே. கணக்கிலே துண்டு ஒன்றே. துண்டு நிற்கும், பின்வாங்கும் அல்லது அழியும். அதனுள் எத்தனை பேர் மடிந்தனர் என்ற வினா எழுவதே இல்லை. ஒவ்வொரு முறையும் தலைவன் எத்தனை நகர்வுகளுக்குக் கட்டளையிட முடியும் என்பதைத் தாயக்கட்டை கூறும். நான்கு துண்டுகளை முதலில் இழந்தவன் தோற்றவன்.

இவ்விதிகளின் திறம் மறுக்கத்தக்கதன்று. ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பழஞ்சமர் முடிந்துவிடும். நகர்வுகளை மட்டுப்படுத்துவதன்மூலம், களத்திலே கட்டளை செல்லாத தலைவனின் கையறுநிலையையும் ஆடுபவன் உணர்வான். ஆயின் விலை ஒன்று கொடுக்கப்பட்டுள்ளது. வெல்ஸின் தரையில் ஒவ்வொரு பொம்மையும் தனியே விழுந்தது. விழுந்ததைக் கையால் எடுத்து ஒதுக்கவேண்டியிருந்தது. பார்க்கரின் மேசையில் ஒருவனும் தனியே விழுவதில்லை. போர் பெரிதாகப் பெரிதாக மனிதன் மறைகின்றான் என்பது அளவுத்திட்டத்தின் நியதிபோலும்.

வடமோடிக் கூத்து இதே தடையை எவ்வாறு கடந்தது என்பதே இனி நோக்கற்பாலது. அது ஆளையும் எண்ணவில்லை, அணியையும் எண்ணவில்லை. படையை முற்றாக விட்டுவிட்டு, படைக்குரியவனை மாத்திரம் களரியில் ஏற்றியது. கன்னன் வந்தால் கன்னனுடைய சேனை வந்ததாகும். ஆயின் வெறுமனே ஒருவன் வந்து நின்றாற் போதாது. கட்டியகாரன் அவன் வரவைக் கூறுகின்றான். அண்ணாவியார் மத்தளத்தில் அவனுக்குரிய வரவுத் தாளக்கட்டை எழுப்புகின்றார். கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்த அவ்வீரன் களரியைச் சுற்றி ஆடுகின்றான். பிற்பாட்டுக்காரர் பாடலை ஏந்துகின்றனர். இவ்வரவு ஆட்டம் நீளும். சலிக்குமளவுக்கு நீளும் என நகரத்துப் பார்வையாளர் சிலர் குறைகூறுவதுமுண்டு. குறைகூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். மேசையில் நூறு பொம்மைகளைப் பரப்புவது எப்பணியைச் செய்கின்றதோ அப்பணியையே இங்கு வரவு செய்கின்றது. சேனையின் பரப்பு ஆட்டத்தின் நீட்சியாக மாற்றப்பட்டுள்ளது. இடத்தாற் காட்டவியலாததைக் காலத்தாற் காட்டுவது கூத்தின் முதல் விதி எனலாம்.

காலத்தைக் கையாள்வதிலும் இருமுறைகளும் எதிரெதிர்த் திசையிற் செல்கின்றன. கிரீக்ஸ்பீலில் ஒரு முறை என்பது இரண்டு நிமிடம் என வரையறுக்கப்பட்டது. எல்லா நிமிடமும் ஒரே நிறை உடையன. கூத்திலோ, படை நடந்த நாட்கள் ஒரு பாட்டு அடியிற் கழிந்துவிடும். இரு வீரர் எதிரெதிர் நின்று தருக்கமாடும் கணமோ பாட்டும் மறுபாட்டுமாக விரிந்துகொண்டே செல்லும். ஒருவன் பாட, மற்றவன் அதே மெட்டில் விடைகூற, இடையிடையே எட்டும் பாய்ச்சலும் வீசாணமும் ஆடப்பட, அம்பு விடுவதற்கு முன்னுள்ள இடைவெளியே நாடகமாகின்றது. போரிலே நிறைகூடிய கணம் எது என்பதில் கூத்துக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு. வெட்டும் குத்தும் அக்கணம் அல்ல. கொல்லப்போகின்றவன் கொல்லப்படுபவனை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசும் பொழுதே அது.

நடுவர் என்ற பாத்திரமும் இங்கு உண்டு. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற ஜேர்மனியப் படையதிகாரி, அட்டவணைகளும் தாயக்கட்டையும் ஆட்டத்தைத் தாமதிக்கின்றன எனக் கண்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே அனைத்தையும் விட்டுவிடலாம் என வாதிட்டார். விதிநூலை நம்புவதா, நடுவரை நம்புவதா என்ற வாதம் இன்றுவரை மேசைப் போராளரிடையே ஓயவில்லை. மட்டக்களப்பு இவ்வாதத்தில் எப்பக்கம் என்பதிற் சந்தேகமில்லை. களரியின் முழு அதிகாரமும் அண்ணாவியாருடையது. சட்டம் கொடுத்தலில் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகிய படிகளைக் கடந்து அரங்கேற்றம் வரும்வரை மாதக்கணக்காக ஆட்டக்காரரைப் பழக்கியவர் அவரே. எவன் எப்போது திரும்பவேண்டும், எங்கே ஆட்டத்தை முறுக்கவேண்டும், களைத்தவனுக்கு எங்கே மூச்சுவிட இடமளிக்கவேண்டும் என்பவற்றை அவர் கை மத்தளத்திலே தீர்மானிக்கின்றது. ஆட்டக்காரன் ஒருவன் தாளத்தைத் தவறவிட்டால், அதனைத் தாங்கி மீட்டெடுப்பதும் அக்கையே.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். மேசைப் போரில் முடிவு தெரியாது. கூத்திலோ முடிவு ஊரறிந்தது. கன்னன் மாள்வான், துரியோதனன் தொடை முறிவான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். முடிவு தெரிந்த ஒன்றை விளையாட்டுவிதிகளோடு ஒப்பிடுதல் பொருந்துமா? இவ்வையத்துக்கு இரண்டு விடைகள் கூறலாம். வரலாற்றுப் போர்விளையாட்டும் இதே சிக்கலுக்குள் அகப்பட்டதே. வாட்டர்லூவில் நெப்போலியன் ஒவ்வொரு முறையும் தோற்குமாறு விதிகளை இறுக்கினால் அது விளையாட்டாகாது. விரும்பியபடி வெல்ல விட்டால் அது வரலாறாகாது. இரண்டுக்கும் நடுவே அவர்கள் என்றும் ஊசலாடிக்கொண்டிருக்கின்றனர். இரண்டாவது விடை ஊருக்குள்ளேயே உண்டு. முடிவு தெரியாத பெருவிளையாட்டும் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று.

கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டே அது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இருபிரிவாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரு வளைந்த கொம்புகளைக் கொளுவி, கயிறுகட்டி இருபக்கத்தாரும் இழுப்பர்; எவர் கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவர். முன்னோடியாகப் போர்த்தேங்காய் அடித்தலும் உண்டு. தோற்ற பக்கத்தை வசைபாடுவதும் விதிக்குட்பட்டதே. இங்கு அளவுத்திட்டம் ஒன்றுக்கு ஒன்று: ஒவ்வொருவனும் தன்னையே குறிக்கும் பொம்மை. முடிவைத் தீர்மானிப்பது தாயக்கட்டை அன்று, மரத்தின் வைரம். முறிவது கொம்பேயன்றி ஆளன்று. சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டில் அங்கெளிய என்ற பெயரில் இதன் இணை வழங்கியமையும் நோக்கத்தக்கது. வெற்றிதோல்வியில் நாட்டங்கொண்ட ஊர்மனம் அதற்கென ஒரு விளையாட்டை வைத்திருந்தது. ஆகவே கூத்தில் அதனைத் தேடவில்லை. ‘எவர் வெல்வர்’ என்பதைக் கொம்புமுறிக்கு விட்டுவிட்டு, ‘எவ்வாறு வென்றனர்’ என்ற வினாவைக் கூத்து எடுத்துக்கொண்டது.

‘எவ்வாறு’ என்பதிலேதான் பாரதக் கதையின் உயிர் இருக்கின்றது. போர் தொடங்குமுன் இருபக்கத்தாரும் விதிகள் வகுத்துக்கொண்டனர் என வீடுமபருவம் கூறும். தேராளனோடு தேராளனே பொரவேண்டும். யானைவீரனோடு யானைவீரன், குதிரைவீரனோடு குதிரைவீரன், காலாளோடு காலாள். புறங்காட்டியவனையும் படைக்கலம் இழந்தவனையும் தாக்கலாகாது. தேர்ப்பாகனையும் முரசு முழக்குவோனையும் சங்கு ஊதுவோனையும் தொடலாகாது. உலக இலக்கியத்திலே இத்துணைத் தெளிவாக வகுக்கப்பட்ட போர்விதிகள் மிகச்சில. பதினெட்டு நாட்களில் இவ்வறத்துக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. பத்தாம் நாள் சிகண்டியை முன்னிறுத்தி வீடுமனை வீழ்த்தினர். பதின்மூன்றாம் நாள் தனியனாய் வியூகத்துள் நின்ற அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றனர். பதினான்காம் நாள் போர் இரவிலுந் தொடர்ந்தது. பதினைந்தாம் நாள் ஒரு பொய் துரோணரின் வில்லைக் கீழே வைப்பித்தது. பதினேழாம் நாள் நிலத்தில் அழுந்திய தேர்ச்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவன் மீது அம்பு பாய்ந்தது. பதினெட்டாம் நாள் கதை இடுப்புக்குக் கீழே இறங்கியது. இவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்தோர் வென்ற பக்கத்தார் என்பதைப் பாரதம் ஒளிக்கவில்லை.

விதிமீறலே பொருளாகவுள்ள ஒரு போரை மேசைவிதிகளால் ஆடவியலுமா? இயலாது என்றே கூறவேண்டும். மேசையில் விதியை மீறுபவன் கள்ளன். அவன் மீறிய கணத்தில் ஆட்டமே முடிந்துவிடும். அவ்விளையாட்டுக்கு வெளியேதான் அறக்கேடு நிகழமுடியும், உள்ளே முடியாது. சரணடைந்தோனைக் கொல்லல், உறங்குவோனைக் கொல்லல் ஆகியவற்றுக்கு எந்த அட்டவணையிலும் எண் இல்லை. கூத்து இதனைச் சாதிப்பதற்குக் காரணம் அதனிடம் இரட்டை விதி இருப்பதே. ஆட்டத்தின் விதி ஒன்று. கதைமாந்தரின் விதி பிறிதொன்று. கதையில் அறம் முறியும்போது களரியில் தாளம் முறிவதில்லை. அபிமன்யுவைச் சூழ்ந்து கொல்வோரும் அவனோடு ஒரே தாளக்கட்டில் ஆடுகின்றனர். ஒருவன் அடிபிசகினாலும் அண்ணாவியாரின் கண் அவன்மீது பாயும். இந்த முரண்பாடு பார்ப்போர் நெஞ்சில் இறங்கும் விதம் தனித்தன்மையானது. பிசகாத ஒழுங்கினூடே ஒரு பெரும்பிசகு நிகழ்வதை அவர்கள் காண்கின்றனர்.

களரியின் வட்டவடிவம் இதற்குத் துணைசெய்கின்றது. வட்டக்களரிக்கு முன்புறமும் பின்புறமும் இல்லை, சுற்றிவரச் சனம். நடுவே ஒருவன், அவனைச் சூழப் பகைவர், அவர்களைச் சூழ ஊர் என வட்டத்துள் வட்டமாக அமையும்போது சக்கரவியூகத்தின் கடைசி வளையம் பார்வையாளராகவே ஆகிவிடுகின்றது. உட்புக அறிந்து வெளிவர அறியாத சிறுவன் ஊரவரின் கண்முன்னே, ஊரவராலேயே சூழப்பட்டு நிற்கின்றான். எந்த நிலப்படமும் இதனைத் தராது.

இவ்விடத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணியைக் கருதாமல் மேற்செல்ல இயலாது. பேராதனையில் 1962இல் கர்ணன் போர், தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எனக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தவர் அவர். விடியவிடிய ஆடியதைச் சில மணித்தியாலங்களுக்குட் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்பச் செம்மைப்படுத்தினார். கற்றோர் இகழ்ந்த கலை கற்றோர் போற்றும் கலையாயிற்று. அவ்வியக்கத்திற் கலந்துகொண்ட சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி விரிந்த ஆய்வைத் தந்தார். இவற்றின் பெறுமதி பெரிது. எனினும் விதிகளை நோக்கிய ஒரு விமரிசனம் இங்கு கூறப்படவேண்டியதே. நேரத்தைச் சுருக்குவதும் ஓர் அளவுத்திட்ட மாற்றமே. வரவைக் குறுக்கினால் சேனை சுருங்கிவிடும். மேலும், படச்சட்ட மேடையில் இருவர் பக்கவாட்டில் எதிரெதிர் நிற்கின்றனர். பார்ப்போர் அனைவரும் ஒரு திசையில் இருக்கின்றனர். வியூகம் கோடாகிவிடுகின்றது. இராவணேசன் போன்று ஒரு தனிமனிதனின் உள்ளப் போராட்டத்தை மையமாகக் கொண்ட ஆக்கத்துக்கு அம்மேடை பொருந்தியதில் வியப்பில்லை. பாரதப் போருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

கூத்தைப் புகழ்வதோடு நின்றுவிடுதலும் நேர்மையாகாது. மேசைவிதிகளில் மனிதன் மறைந்தான் எனக் குறைகூறியவர்கள், 1,968,300 காலாட்களும் களரியில் எங்கே என வினவவேண்டும். அவர்களுக்கு வரவு இல்லை, தருக்கம் இல்லை, விழுந்தால் அழ ஒரு பாட்டும் இல்லை. அரசன் இறந்தால் அரசி புலம்புவாள்; அப்புலம்பலையும் மரபுப்படி பெண்வேடமிட்ட ஆணே பாடுவான். பன்னிரண்டு துண்டுகளின் விதி செய்த அதே நீக்கத்தைக் கூத்தும் செய்துள்ளது. துண்டின் இடத்தில் அரசன் நிற்கின்றான் என்பதே வேறுபாடு. இக்குறையை ஒரு நடைமுறை ஓரளவு ஈடுசெய்கின்றது என்பதும் உண்மை. கிரீடம் தரித்து ஆடுபவன் வயல்விதைப்பவன், வாவியில் வலைவீசுபவன். உண்மைப் போரிலே காலாளாக நிற்கக்கூடியவன் ஓரிரவு கன்னனாகின்றான். ஆனால் எவர் எவ்வேடத்துக்கு உரியவர் என்பதில் ஊரின் ஏற்றத்தாழ்வு தலையிட்டு வந்தமையும் அறியப்பட்டதே. ஆகவே அந்த ஈடும் முழுமையானதன்று.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கு இவ்விடத்தில் வேறொரு வழியைக் காட்டுகின்றது. பதினெட்டு நாட்கள் நிகழும் அவ்விழாவில் வனவாசம், அருச்சுனன் தவநிலை, தீமிதிப்பு ஆகியன தெருவிலும் கோயில் வெளியிலும் நிகழ்கின்றன. அங்கே கதைமாந்தரோடு சேர்ந்து அடியார்கள் திரளாகத் தீயில் இறங்குகின்றனர். பெயரில்லாத காலாள் ஒருவனுக்குப் பாரதக் கதையினுள் கிடைக்கும் ஒரே இடம் அந்தத் தீக்குழி எனலாம். அங்கு அவன் எவரையும் கொல்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

இறந்தோரை எண்ணும் சிக்கலைப் பாரதமே உணர்ந்திருந்தது. போர் முடிந்தபின் திருதராட்டிரன் மடிந்தோர் தொகையை வினவ, தருமன் 166 கோடியே 20 ஆயிரம் எனக் கூறுவதாக மகளிர்பருவத்தில் ஒரு செய்தி உண்டு. பதினெட்டு அக்குரோணிக் கணக்கில் நாற்பது இலட்சம் பேர்கூட இல்லை. இத்தொகை எங்கிருந்து வந்தது? உரையாசிரியர் எவ்வாறு அமைதி கூறினும், போருக்கு முன் எண்ணியதும் போருக்குப் பின் எண்ணியதும் பொருந்தவில்லை என்பது வெளிப்படை. முன்னையது சேனாபதியின் கணக்கு. பின்னையது ஈமக்கடன் செய்யவேண்டியவனின் கணக்கு. இலங்கையில் 2009இல் முடிவடைந்த போரில் இறந்தோர் தொகை பற்றி இன்றுவரை இணக்கமில்லை. வாவியின் இருகரையிலும் காணாமற்போனோரின் உறவினர் எண்களை அல்ல, பெயர்களையே கேட்டு நிற்கின்றனர். இத்தகைய மண்ணில் பதின்மூன்றாம் நாட் கதையை ஆடுவது வெறும் மரபுபேணல் ஆகாது. அரசரின் பெயர்கள் மட்டும் சொல்லப்படும் விதி அங்கு உறுத்தவே செய்யும்.

அவ்வுறுத்தலுக்கு விடைதேடும் முயற்சியாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர் சீலாமுனையில் ஊரவரோடு முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தைக் கருதலாம். சாதியும் ஆணாதிக்கமும் பற்றிய வினாக்களைக் களரிக்குள்ளேயே எழுப்பி, ஆடுபவர்களே கலந்துபேசி மாற்றுவது அதன் போக்கு. களரி வட்டமாகவே இருந்தது. ஊரும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. விதிகளை மாற்றும் உரிமை எவருடையது என்ற வினாவுக்குப் பேராதனை தந்த விடையும் சீலாமுனை தந்த விடையும் வேறுவேறு. மேசைப் போராளர் தம் விதிநூலை ஆடிப்பார்த்து, வாதிட்டு, பதிப்புக்குப் பதிப்புத் திருத்துவது போன்றதே பின்னையது. இரண்டுள் எது நிலைக்கும் எனக் காலந்தான் காட்டும் என்று ஒதுங்குவதைவிட, இரண்டாவதிலே விதியை உயிரோடு வைத்திருக்கும் வாய்ப்பு மிகுதி எனத் துணிந்து கூறலாம்.

இறுதியாக ஏடுகள் பற்றியது ஒன்று. கூத்துப் பிரதிகள் சில அச்சேறியுள்ளன. 1962இல் வித்தியானந்தன் பதிப்பித்த அலங்காரரூபன் நாடகம் அவற்றுள் முன்னோடி. பதிப்புக்களிற் பாடலும் தாளக்கட்டும் உள்ளன. போர் நிகழும் இடத்தில் ஆட்டக்காரர் களரியின் எப்பக்கத்திலிருந்து எப்பக்கத்துக்குக் கடந்தனர், எத்தனை சுற்று, எவ்விடத்தில் திரும்பினர் என்பன பிரதியில் இடம்பெறுவனவல்ல. றைஸ்விற்ஸின் அட்டவணை 1824இல் அச்சானமையால் இன்றும் எவரும் எடுத்து ஆடலாம். அண்ணாவியாரின் அட்டவணை அவர் கையிலும் மாணாக்கர் காலிலும் மாத்திரம் இருக்கின்றது. இன்று ஒளிப்பதிவுக் கருவி எளிதிற் கிடைப்பினும், அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நிறுத்தப்பட்டு, படச்சட்ட மேடையின் பார்வையையே பதிவுசெய்கின்றது. களரியின் பந்தலுக்கு நடுவே மேலிருந்து நோக்கும் ஒரு பதிவும், அதனைக்கொண்டு வரையப்படும் அடிச்சுவட்டுப் படமும் வேண்டும். பதின்மூன்றாம் நாட் போரையும் பதினேழாம் நாட் போரையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிலே பலர் ஒருவனைச் சூழ்கின்றனர், மற்றதிலே இருவர் மட்டும் பொருகின்றனர். பழைய அண்ணாவிமாரை அருகிலிருத்தி அப்படங்களைச் சரிபார்க்கும் வாய்ப்பு இன்னும் எஞ்சியுள்ளது.